வரிக்கு முந்தைய ஒன்பது கோடி

காலை பதினொன்று பத்து. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது ஓர் எண். மேடையின் பின்திரையில் 'ரூ.9 கோடி லாபம்' என்று ஆள் உயரத்துக்கு அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் நிர்வாக இயக்குநரின் முகம், எண்ணைவிடச் சிறியதாக. எங்கள் வட்டாரத்தில் பிளெக்ஸ் அடிப்பவர்கள் முகத்தைவிடப் பெரிதாக எதையும் போடுவதில்லை. அதனால்தான் நின்று பார்த்தேன். எண்ணின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரத்துக்கான விளக்கம் திரையின் அடியில் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தை ஐந்தடிக் குத்துவிளக்கு மறைத்துக்கொண்டிருந்தது.

அது ஒரு தவிட்டு எண்ணெய் ஆலையின் விழா. ஆலை வந்தவாசி சாலையில் இருக்கிறது. சுற்றுவட்டார அரிசி ஆலைகளின் தவிட்டை வாங்கி, எண்ணெய் எடுத்து, கேனில் அடைத்து அனுப்புகிறார்கள். அன்று இரண்டாவது யூனிட்டின் தொடக்கம். முன்வரிசையில் கடன் கொடுத்த வங்கியின் அதிகாரிகள். அடுத்த வரிசையில் கடன் கொடுக்கப்போகும் வங்கியின் அதிகாரிகள். கடைசி வரிசையில் நாங்கள் ஏழு நிருபர்கள். ஆளுக்கு ஒரு செய்திக் குறிப்பு, ஓர் இனிப்புப் பெட்டி, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாவட்ட நிருபர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சாதித்த கதைகளைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்லக் கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற நிருபர்களைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் எல்லா ஆட்சியர்களையும் நாங்கள்தான் மாற்றினோம் என்பார்கள். நான் சொல்லப்போவது இரண்டு சொற்களை வெட்டிய கதை.

அப்போது எனக்கு இந்தத் தொழிலில் இருபத்தாறு ஆண்டுகள் முடிந்திருந்தன. அனுபவக் குறைவு என்று யாரும் சலுகை தர முடியாது. செய்திக் குறிப்பின் இரண்டாவது பத்தியில் 'வரிக்கு முந்தைய லாபம் ரூ.9 கோடி' என்று தெளிவாக இருந்தது. படித்தேன். பேனாவால் அடிக்கோடும் போட்டேன். மாலையில் செய்தி அனுப்பும்போது 'வரிக்கு முந்தைய' என்பதை எடுத்துவிட்டேன்.

ஒற்றைப் பத்திச் செய்தி அது. தலைப்புக்கு மூன்று வரிதான். அந்த இரண்டு சொற்கள் ஒரு முழு வரியைத் தின்றுவிடும். கேட்டால் சொல்வதற்கு இந்தக் காரணம் கைவசம் இருந்தது. உண்மையான காரணம் வேறு: 'நம்ம வாசகனுக்கு இதெல்லாம் புரியாது.' இந்த வாக்கியத்தை உங்களில் பலர் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டிருப்பீர்கள். எந்த நிருபர் இதைச் சொன்னாலும், அந்த விஷயம் அவருக்கே புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் புரியவில்லை. வரிக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, லாபம் லாபம்தானே என்று இருந்தேன். மறுநாள் 'உத்திரமேரூர் எண்ணெய் ஆலைக்கு ரூ.9 கோடி லாபம்' என்று வந்தது. ஏழு பேரில் ஆறு பேர் அப்படித்தான் எழுதியிருந்தோம். ஏழாமவர் நிர்வாக இயக்குநரின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார். தொலைபேசியில் திட்டு வாங்கியது அவர் மட்டும்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். காலை ஒன்பதரைக்கு, உரக்கடை மாடியில் இருந்த என் அறைக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். திருமுக்கூடல் பக்கம். பெயர் எஸ்தர் என்றார். அந்த ஆலையில் பேக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை. கையில் என் செய்தி இருந்தது. வெட்டி எடுத்து, லேமினேஷன் போட்டிருந்தார். என் செய்தி ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுவே முதல் முறை.

"இத்த எய்தனது நீயா சார்?"

"ஆமாம்."

"ஒம்போது கோடின்னு போட்டுக்கிற. எண்ணிப் பாத்தியா?"

"கம்பெனி கொடுத்த குறிப்பும்மா அது."

"அவன் குட்த்தான், நீ போட்ட. நடுவுல உனுக்கு இன்னா வேல?"

என் வேலையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

அந்த ஆலையில் ஆண்டுதோறும் போனஸ் 8.33 சதவீதம். சட்டத்தில் அதற்குக் கீழே போக வழியில்லை என்பதால் அது. அதிகபட்சம் இருபது. இந்த ஆண்டு போனஸ் பேச்சுக்குத் தொழிலாளர்கள் சார்பில் நான்கு பேர் போனார்கள். அவர்களில் எஸ்தரும் ஒருவர். என் செய்தியை மேசையில் வைத்து, ஒன்பது கோடி லாபம் வந்திருக்கிறது, இருபது கொடுங்கள் என்று கேட்டார். அதற்கு முந்தைய இரண்டு நாள் சாப்பாட்டு வேளையில் அந்தத் துண்டைப் பேக்கிங் பிரிவு முழுக்கக் காட்டியும் இருந்தார். நிர்வாக இயக்குநர் செய்திக் குறிப்பின் நகலை எடுத்துப் போட்டார். நாங்கள் சொன்னது வரிக்கு முந்தைய லாபம், பேப்பரில் வந்தது பொய், அதைக் காட்டி ஆட்களைத் தூண்டிவிடுகிறாய் என்றார். மறுநாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு: ஆலையின் நிதிநிலை குறித்துத் தவறான தகவலைப் பரப்பியது. உள்விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். விசாரணையில் குற்றம் உறுதியானால் வேலை போகும்.

"காத்தால கம்பெனி வேன் வந்துச்சி. எல்லாரையும் ஏத்திக்கினு போச்சி. என்னப் பாத்து நிக்கல. டிரைவரு தலைய அந்தண்ட திருப்பிக்கினான். வூட்டுக்காரருக்கு முதுவு போயி ரெண்டு வருசம் ஆவுது சார். என் சம்பளந்தான் வூடு. போனஸு போனாப் போவுது. பொய்யின்னு எய்தி வேலைய வுட்டு அனுப்சிட்டாங்கன்னா வேற எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள வுடுவாங்க?"

நான் என் அறிவைக் காட்ட ஆரம்பித்தேன். "அம்மா, வரிக்கு முந்தைய லாபம்னா என்னன்னா..."

"இரு சார்." இடுப்பிலிருந்த பர்ஸைத் திறந்து சம்பளச் சீட்டை எடுத்தார். "இது கிராஸு. பன்னெண்டாயிரத்து நானூறு. பி.எஃப்பு, ஈ.எஸ்.ஐ., கேன்டீனு, வேனு எல்லாத்தையும் புட்சிக்கினு கைக்கு வர்றது பத்தாயிரத்து நூறு. உன் ஒம்போது கோடி கிராஸா, கைக்கா?"

கணக்கு படித்தவர்கள் இந்த ஒப்பீட்டில் குறை சொல்வார்கள். சொல்லட்டும். வரிக்கு முந்தைய லாபம் என்பது விற்றுவந்த பணம் முழுவதும் அல்ல. தவிடு வாங்கிய செலவு, கூலி, மின்சாரம், லாரி வாடகை, இயந்திரத் தேய்மானம், வங்கி வட்டி எல்லாம் போய் மிஞ்சுவது. அரசு மட்டும் இன்னும் கைவைக்கவில்லை. இரண்டு ஆலைகளை ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஒருவருக்கு வரிச் சலுகை இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது. அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு யார் தொழிலை ஒழுங்காக நடத்தினார் என்று பார்க்கலாம். அதற்காக ஏற்பட்ட எண் அது, திரையில் ஆள் உயரத்துக்கு நிற்பதற்காக அல்ல. பிடித்தம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்வதுதான் நான் வெட்டிய இரண்டு சொற்களின் வேலை. எஸ்தர் அதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

"கிராஸ்தான்," என்றேன்.

"அத்த போட்டிருந்தா நான் வேற மாதிரி கேட்டிருப்பேனே? பேக்கிங்ல கீற அம்பது பேருக்கும் கிராஸுன்னா இன்னான்னு தெரியும். தெரியாதவன் நீ ஒர்த்தன்தான் போல."

அப்போது அவர் கண் அலமாரிமேல் போயிற்று. எண்ணெய் கேன் அங்கே இருந்தது. பாதி தீர்ந்திருந்தது.

"நம்ம கேனுதான். ஸ்டிக்கரு கோணலா ஒட்டிக்கீது பாரு, அது கீதா கை. எப்பவும் இடது பக்கம் ஏத்திடுவா." பிறகு என்னைப் பார்த்தார். "ருசி நல்லா கீதா சார்?"

அவர் கேட்டது இரண்டு. பத்திரிகையில் திருத்தம் வர வேண்டும். விசாரணையில் நான் வந்து, அந்தப் பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"ஒம்போது கோடின்னு போடறப்ப மேலிடத்துல கேட்டியா?" என்று சொல்லிவிட்டு, தன் போன் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மேலிடம் என்பது சென்னையில் இருந்த செய்தி ஆசிரியர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். என்னை இந்தத் தொழிலில் வளர்த்தவர்களில் ஒருவர் என்று வேறு இடங்களில் எழுதியிருக்கிறேன். அன்று பேசியதை மட்டும் எழுதியதில்லை.

"திருத்தம் போட்டா தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும்யா."

"நம்மளோடதுதான் சார்."

"அது வேற. கம்பெனிக்காரன் கேட்டானா?"

"இல்ல. அந்தம்மா கேக்கறாங்க."

"அவங்க விளம்பரம் குடுக்கறாங்களா? தீபாவளி மலருக்கு அந்த ஆலை முழுப் பக்கம் குடுத்திருக்கு, தெரியுமில்ல? தீபாவளி போவட்டும், பாக்கலாம். விசாரணை கிசாரணைன்னு நீ போய் நிக்காத. பேப்பர் பேரு அடிபடும்."

தீபாவளி போகட்டும் என்பதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது. இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தப்பான செய்தி எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அது தப்பு என்று தெரிந்தபின் சும்மா இருக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் ஏரி நீர்மட்டம் எழுதினேன், பட்டாசுக் கடை எழுதினேன், பழையசீவரத்தில் மாடு ஆற்றில் இறங்கியதை எழுதினேன். இவற்றில் ஒன்றிலும் பிழை இல்லை.

பத்தாம் நாள், வங்கி வரிசையில் ஆலையின் கணக்காளரைப் பார்த்தேன். விவசாயக் குடும்பத்து ஆள், என் வயது, நேரில் பார்த்தால் ஒளியமாட்டார். ஒன்பது கோடி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"என் வாயால சொன்னா என் வேல பூடுங்க. எதுக்கு என் வாய்? கம்பெனிக் கணக்கெல்லாம் கவர்மென்ட் வெப்சைட்டுல கீதே. நூறு ரூபா கட்டினா யாரு வேணா பாக்கலாம்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி வருசம் நிருபரு, இது தெரியாதுங்களா?"

தெரியாது. இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை ஆலை, எத்தனை கம்பெனி பற்றி எழுதியிருக்கிறேன். ஒன்றின் கணக்கைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. மேடையில் சொன்னதை எழுதுவதுதான் வணிகச் செய்தி என்று நம்பியிருந்தேன். இந்த மாவட்டத்தில் இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். பொறியியல் கல்லூரிக்காரர் எங்கள் மாணவருக்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் சம்பளம் என்று சொன்னால் எட்டு லட்சம் என்று எழுதுகிறார்கள். அதில் கைக்கு எவ்வளவு, கம்பெனி கட்டும் காப்பீடு எவ்வளவு, மூன்று ஆண்டு இருந்தால்தான் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நகையை அடகு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நூறு ரூபாய் கட்டினேன். ஆலையின் கணக்கு நாற்பத்தோரு பக்கம். வரிக்கு முந்தைய லாபம் ஒன்பது கோடி என்பது சரியாகவே இருந்தது. அதற்கு மேல் ஐந்தாறு வரி தள்ளி 'இதர வருமானம்' என்று ஒரு வரி. அதற்குரிய குறிப்பு முப்பத்திரண்டாம் பக்கத்தில். நிலம் விற்றதில் கிடைத்த லாபம், ஆறு கோடி.

எஸ்தரைக் கூப்பிட்டேன். வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். காட்டினேன்.

"எந்த நெலம்?"

"ஏரிக்கு மேற்கே மூன்று ஏக்கர் என்று போட்டிருக்கிறது."

"அட, நாங்க சாப்பாட்டுக்கு ஒக்கார்ற வேப்பமரத்து எடம். கிடங்கு கட்றவனுக்கு வித்துட்டான். அதான் இப்ப மெசினு பக்கத்துலயே ஒக்காந்து துன்றோம்." விரல்விட்டுக் கழித்தார். "அப்ப எண்ணெயில வந்தது மூணுதானா?"

"மூன்றுதான். அதுவும் வரிக்கு முன்."

"போனஸ் கணக்குல நெலம் வித்தது சேருமா?"

"சேராது."

"அப்ப ஒம்போதுன்னு நாங்க கேட்டது தப்பு. ஒம்போதுன்னு அவன் பீத்திக்கினதும் தப்பு. நீ எய்தனதும் தப்பு. மூணு பேர்ல வேல போறது யாருக்கு சார்?"

 

அந்த ஆலை ஒரே ஆண்டுக்கு மூன்று லாபம் வைத்திருந்தது. வங்கிக்காரர் வந்த நாளில் ஒன்பது. போனஸ் கணக்குக்கு மூன்று, அதிலும் வரி போகும், புது யூனிட்டின் வட்டி போகும், ஒன்றும் மிஞ்சாது. வருமான வரிக்கு இன்னொரு கணக்கு. மூன்றில் எதுவும் சட்டப்படி பொய் அல்ல. யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து அதற்குரியதை எடுத்து நீட்டினார்கள். வரிக்கு முந்தைய என்ற அடைமொழியை நான் விடாமல் எழுதியிருந்தாலும்கூட அந்த ஆறு கோடி அதற்குள் ஒளிந்துதான் இருந்திருக்கும். லாபத்தைப் பற்றி எழுதும்போது எது கழிந்தது என்று கேளுங்கள், எது இன்னும் கழிய வேண்டும் என்று கேளுங்கள், முதலில் அது எதை விற்று வந்தது என்று கேளுங்கள். மேடையில் கேட்டால் மைக்கை வாங்கிக்கொள்வார்கள். கீழே இறங்கியதும் கேளுங்கள்.

விசாரணை தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், காலை பத்து மணிக்கு, ஆலையின் விருந்தினர் அறையில். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இதைத் துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையின் ஆளாகப் போகவில்லை, தனி ஆளாகத்தான் போனேன் என்று பின்னால் சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் தேவைப்பட்டது.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற வழக்கறிஞர். ஆலையே சம்பளம் கொடுத்து அமர்த்தியவர். பக்கத்தில் ஒரு தட்டச்சுக்காரர். நிர்வாக இயக்குநர் ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் எதிரே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"செய்தி நீங்கள் எழுதியதுதானே?"

"ஆமாம்."

"அதில் பிழை இருக்கிறதா?"

"இருக்கிறது. அது என் பிழை. நிறுவனம் மேடையில் ஒன்பது கோடி என்றுதான்..."

"போதும். செய்தி பிழையானது என்று சாட்சி ஒப்புக்கொள்கிறார். அடிச்சிக்கோங்க," என்றார் தட்டச்சுக்காரரிடம்.

அவர் அடித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பிழையை ஒப்புக்கொண்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உண்மை சொல்லிவிட்டோம், கடமை முடிந்தது என்ற நிம்மதி. நான் சொன்ன உண்மை பாதியில் நிற்கிறது, அந்தப் பாதி ஒருவரின் வேலைக்கு எதிராகப் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது உறைக்கவில்லை. ஊரார் பேச்சையெல்லாம் வெட்டிச் சுருக்கிப் பிழைத்தவன் நான். என் வாக்கியம் கண்ணெதிரே வெட்டுப்பட்டபோது எனக்கே தெரியவில்லை.

எஸ்தருக்குத் தெரிந்தது.

"சார், அவரு இன்னும் முடிக்கல."

"தேவையானது பதிவாயிடுச்சும்மா."

"ஒங்குளுக்குத் தேவையானது ஆயிடுச்சி. எனுக்குத் தேவையானது ஆவல. பாதிய அடிச்சிட்டு கையெய்த்து போடுன்னா போட மாட்டேன்."

நிர்வாக இயக்குநர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "எஸ்தர், எதுக்கு இப்ப பேஜார் பண்ற?"

"பேஜாரு நானா சார்? தெரையில ஒம்போதுன்னு போட்டது நீங்க. பேப்பர்ல ஒம்போதுன்னு வந்ததும் பொய்யின்றது நீங்க. நடுவுல நான் ஒர்த்தி, படிச்சதச் சொன்னேன். எய்தச் சொல்லுங்க. அவரு இன்னா சொல்றாரோ முழுசா எய்தட்டும். அப்பறம் வேலைய வுட்டு அனுப்புங்க, போறேன்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தொழிலாளி கையெழுத்திடாத விசாரணைப் பதிவு தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். எஸ்தருக்கும் தெரிந்திருந்தது. எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.  பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். விழா மேடையின் திரையில் அடைமொழி எதுவும் தெரியாத வகையில் ரூ.9 கோடி லாபம் என்று நிறுவனமே எழுதியிருந்தது. செய்திக் குறிப்பிலிருந்த இரண்டு சொற்களை நீக்கியது நான். எஸ்தர் எதையும் இட்டுக்கட்டவில்லை, அச்சில் வந்ததைக் காட்டினார். விழாவன்று என் போனில் எடுத்த படத்தின் பிரதியையும் வைத்தேன். படத்தில் எண்ணும் நட்சத்திரமும் தெரிந்தன, விளக்கம் தெரியவில்லை. தட்டச்சுக்காரர் ஒவ்வொரு வரியையும் அடித்து முடித்ததும், எஸ்தர் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"'நிறுவனமே'ன்னு சொன்னாரு. 'நிறுவனம்'னு அடிச்சிக்கிற. அந்த ஏ-வப் போடு."

போட்டார். பிறகுதான் எஸ்தர் கையெழுத்திட்டார். இந்தத் தொழிலில் நான் பார்த்த மெய்ப்புத் திருத்துபவர்களில் பலர் அந்த 'ஏ'-வைத் தவறவிட்டிருப்பார்கள்.

வெளியே வரும்போது நிர்வாக இயக்குநர் கைகொடுத்தார். "நோ ஹார்ட் ஃபீலிங்ஸ் சார். அடுத்த வருஷம் ரிசல்ட் வரும்போது சொல்லி அனுப்பறேன்," என்றார். உண்மையாகவே சொல்லி அனுப்பினார். அந்த ஆண்டுத் திரையில் லாபத்தைப் போடவில்லை, விற்றுவந்த பணம் முழுவதையும், விற்றுமுதல் என்று போட்டிருந்தார்கள். எண் இன்னும் பெரியது.

திருத்தம் கடைசியில் வந்தது. பதினோராம் பக்கம், காணாமல் போனவர் அறிவிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவில், மூன்று வரி. 'வரிக்கு முந்தைய லாபம் என்று இருந்திருக்க வேண்டும்' என்று அதில் இருந்தது. எந்தச் செய்தியில், எந்த ஆலை, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்பது இல்லை. செய்தி ஆசிரியர் போனில் "போட்டாச்சுயா, இப்ப சந்தோஷமா?" என்றார். நான் நன்றி சொன்னேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

விசாரணை அறிக்கை பத்து நாள் கழித்து வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எச்சரிக்கையுடன் வேலைக்குத் திரும்பலாம். எதற்கு எச்சரிக்கை என்று அறிக்கையில் இல்லை. பணிநீக்கக் காலத்தின் மீதிச் சம்பளத்தைப் பற்றியும் ஒரு வரி இல்லை. போனஸ் அந்த ஆண்டும் 8.33.

டிசம்பர் முதல் திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஷிப்டுக்கு எஸ்தர் உள்ளே போனார். பேக்கிங்கில் அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்திருந்தார்கள். அவரைத் தவிட்டுக் கிடங்கில் மூட்டை பிரிக்கப் போட்டார்கள்.